ரஷ்யன் வார்த்தை ஏன் இப்படி உருவம் மாறுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெடிசின் படிக்க ரஷ்யா வர்ற நம்ம பசங்க முதல் வருஷ ரஷ்யன் கிளாஸ் முடிஞ்சு வந்து என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான். வேற்றுமை எத்தனை, பால் எத்தனைன்னு யாரும் கேக்குறதில்ல, அது புக்லயே இருக்கு. "நேத்து படிச்ச வார்த்தை இன்னிக்கு வேற மாதிரி நிக்குது, இது அதுதானா இல்ல வேறயா", இதான் எல்லாருக்கும் தலைவலி. சரின்னு கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டுட்டேன்.

எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், அதனால ரெண்டு மூணு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. ஸ சொல்லும்போதே தொண்டை அதிர்ந்தா ஃஸ. ஷ சொல்லும்போதே தொண்டை அதிர்ந்தா ஃஷ, டெலிவிஷன்னு ஒழுங்கா சொன்னா கடைசில வருமே அந்த சத்தம். ச-ன்னா எப்பவும் பச்சைல வர்ற ச. அப்புறம் ரஷ்யன்ல க, த, ப ரெண்டு ரெண்டு இருக்கு, பக்கம்ல வர்ற க வேற எழுத்து, தங்கம்ல வர்ற க வேற எழுத்து. தேவைப்படுற இடத்துல "பக்கம்-க", "தங்கம்-க"ன்னே சொல்லிடறேன்.

1. அக்கா, ஒரு ரஷ்யன் வார்த்தைக்குள்ள என்னதான் இருக்கு? ஏன் இவ்ளோ நீளம்?

எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைல ஆரம்பிப்போம், ஸ்புட்னிக். 1957 அக்டோபர் 4 அன்னிக்கு சோவியத் யூனியன் விட்ட முதல் செயற்கைக்கோள், அப்புறம் 2021ல நம்ம ஊர்லயும் போட்ட தடுப்பூசி பேரு. உடைச்சா ஸ் (கூட), பூத் (வழி), நிக் (அப்படிப்பட்ட ஆள் இல்லன்னா பொருள்). வழித்துணை, அவ்ளோதான். பூமிகூடவே போறதால செயற்கைக்கோளுக்கும் அதே வார்த்தை. முன்னாடி ஒட்டுறதுக்கு பேரு ப்ரிஸ்தாஃப்கா, நடுவுல இருக்கறது கோரின், அதாவது வேர், அதுக்கப்புறம் ஸூஃபிக்ஸ், கடைசில வேற்றுமைக்கும் எண்ணுக்கும் தகுந்த மாதிரி மாறுறது அகன்சானியே. ஸ்கூல்ல பகுபத உறுப்பிலக்கணம் படிச்சவங்களுக்கு பகுதி விகுதி மாதிரின்னு உடனே புரியும், ஒரே வித்தியாசம் நமக்கு ஒட்டு எல்லாம் பின்னாடிதான் வரும், அவங்களுக்கு முன்னாடியும் வரும்.

மாஸ்கோ மெட்ரோல இறங்குனதும் மூணு போர்டு கண்ணுல படும். ஃப்ஹோத் (உள்ள போற வழி), வீஹத் (வெளிய போற வழி), பிரிஹோத் (இன்னொரு லைனுக்கு மாறுற வழி). மூணுலயும் வேர் ஒண்ணுதான், ஹோத், நடைன்னு அர்த்தம். முன்னொட்டு மட்டும் மாறுது. இதே நீளமா போனா உங்க மேடத்தை சொல்ற வார்த்தை வரும், பிரி-பா-தா-வா-தில்-னித்ஸ்-ஆ. ஏழு துண்டு. உண்மையான வேர் நடுவுல இருக்கற "தா" மட்டும்தான், கொடுன்னு அர்த்தம். (ஆமா தமிழ் "தா"வும் அதே அர்த்தம்தான். தற்செயல். வாட்ஸப் ஃபார்வர்டு ஆக்கிடாதீங்க.)

2. ஹராஷோன்னு சொல்றாங்க, எழுத்துல பாத்தா மூணும் ஓ. ஏன் எழுதுறது ஒண்ணு சொல்றது ஒண்ணு?

இங்கதான் முதல்ல ஒரு கோடு போட்டுக்கணும், இதை விட்டுட்டா கீழ வர்ற எதுவும் பிடிபடாது. ரஷ்யன்ல சத்தம் மாறுறது ரெண்டு வகை. முதல் வகை வாய் தானா பண்றது, அது எழுத்துல வராது, பேசுறவங்களுக்கு மாறுதுன்னே தெரியாது. ரெண்டாவது வகை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்து இப்போ இலக்கணத்துல உறைஞ்சு போனது, அது எழுத்துலயும் வரும், மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும்.

தமிழ்லயும் ரெண்டும் இருக்கு, யோசிச்சதே இல்ல அவ்ளோதான். கடல், தங்கம், அகம், மூணுலயும் க எழுதறோம், வாயில மூணு சத்தம் வருது, யாரும் கவலைப்படறதில்ல. அது முதல் வகை. வீடு "வீட்ல" ஆகுது, ஆறு "ஆத்துல" ஆகுது, மரம் "மரத்துல" ஆகுது, இது ரெண்டாவது வகை, வெளியாளு ஒருத்தர் தமிழ் கத்துக்க வந்தா இங்கதான் தலையை பிச்சுக்குவார். நீங்க இப்போ அந்த வெளியாளு.

ஹராஷோ முதல் வகை. ரஷ்யன்ல அழுத்தம் எந்த அசைல விழுதோ அந்த ஓ மட்டும்தான் ஓ. மத்த ஓ எல்லாம் தேஞ்சு ஆ மாதிரியோ அரைகுறை அ மாதிரியோ ஆயிடும்.

3. அப்போ எழுதும்போது ஓ போடணுமா ஆ போடணுமான்னு எப்படி தெரியும்?

ரஷ்ய ஸ்கூல் பசங்களே இதுலதான் மார்க் விடறாங்க. அவங்களுக்கு சொல்லித்தர்ற வழி சிம்பிள், அதே வேர்ல அழுத்தம் அந்த இடத்துல விழற இன்னொரு உருவத்தை தேடு. தண்ணி "வதா"ன்னு காதுல விழுது, சந்தேகம். பன்மை என்ன? "வோதி". அங்க ஓ தெளிவா கேக்குது, அப்போ ஒருமையிலயும் ஓ எழுது. வேர் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி எழுதணும், இதான் ரஷ்யன் எழுத்துமுறையோட அடிப்படை.

ஸபாகா (நாய்) மாதிரி சிலதுக்கு இப்படி தேடவே முடியாது, எழுத்துல ஓ, மனப்பாடம்தான்.

4. வோட்கா-ங்கறது வதா-லேர்ந்து வந்ததுன்னா த ஏன் "ட்" மாதிரி கேக்குது?

வதா கூட கா சேத்தா வோத்கா, "குட்டித் தண்ணி". எழுத்துல பந்து-த தான் இருக்கு. ஆனா பின்னாடி பக்கம்-க வந்ததும் முன்னாடி இருக்கற தவும் அதிர்வை விட்டுட்டு பத்து-த ஆயிடும். இதுவும் முதல் வகைதான், தானா நடக்கறது. எதிர்ப்பக்கமும் நடக்கும், ஸ்டேஷனுக்கு உண்டான வக்ஃஸால்ல எழுத்துல பக்கம்-க, ஆனா பின்னாடி ஃஸ அதிர்றதால வாயில தங்கம்-க.

வார்த்தை கடைசிலயும் அதிர்வு போயிடும். நண்பன் = த்ரூக், எழுத்துல தங்கம்-க, வாயில பக்கம்-க. ரொட்டி ஹ்லேப், எழுத்துல அம்பு-ப, வாயில அப்பா-ப. கண்டுபிடிக்க 3வது கேள்வில சொன்ன அதே வழிதான், பின்னாடி ஒரு உயிர் வர்ற உருவத்தை சொல்லிப் பாருங்க, த்ரூகா, ஹ்லேபா, உண்மையான எழுத்து வெளிய வந்துடும்.

இதுல ஒரு திருட்டுத்தனமான விதிவிலக்கு. "இல்லாத"ன்னு அர்த்தம் வர்ற பிஃஸ் மாதிரி ஃஸ-ல முடியற முன்னொட்டுங்களுக்கு மட்டும் வாயில வர்றதையே எழுதுவாங்க. பிஃஸ்ரபோத்னி (வேலையில்லாதவர்) ஃஸ போட்டு, பிஸ்ப்லாத்னி (இலவசம்) ஸ போட்டு. ஆனா ஸ்-ங்கற முன்னொட்டுக்கு இந்த சலுகை கிடையாது, "ஃஸ்த்யேலத்" (செஞ்சு முடி) வாயில ஃஸ, எழுத்துல ஸ-வேதான். ஏன் இப்படின்னு கேட்டா எழுத்துமுறை வெச்சவங்களைத்தான் கேக்கணும்.

5. ருக்கா-ன்னா கை, ரூச்கா-ன்னா பேனா. சம்பந்தம் இருக்கா இல்லையா?

இருக்கு. ரூச்கா-ன்னா முதல்ல "குட்டிக் கை", அப்புறம் கைப்பிடி, அப்புறம் பேனா. இப்போ ரெண்டாவது வகைக்குள்ள வந்துட்டோம். பக்கம்-க, ச ஆகும். தங்கம்-க, ஃஷ ஆகும். ஹ, ஷ ஆகும். காது ஊஹா, காதுகள் ஊஷி. ஈ மூஹா, குட்டி ஈ மூஷ்கா. புக்கு க்னீகா, குட்டி புக்கு க்னீஷ்கா (எழுத்துல ஃஷ).

காரணம் நாக்குதான். க, ஹ எல்லாம் தொண்டைப் பக்கம் பிறக்கற சத்தம், இ, எ எல்லாம் வாயோட முன்பக்கம். பின்னாடி இருந்து முன்னாடி தாவறதுக்குள்ள நாக்கு சோம்பேறித்தனம் பண்ணி நடு அண்ணத்துலயே ஒட்டிக்கிச்சு. ரஷ்யன், போலிஷ், பல்கேரியன்னு பிரியறதுக்கு முன்னாடியே ஸ்லாவிக் மொழி ஒண்ணா இருந்த காலத்துல நடந்தது இது.

6. டிக்ஷனரில "பிஸாத்" (எழுது)ன்னு இருக்கு, பேசறப்போ "யா பிஷூ"ங்கறாங்க. ஸ எப்படி ஷ ஆச்சு?

இது 5வது கேள்வியோட அண்ணன் தம்பி. அங்க தொண்டை சத்தம் மாறுச்சு, இங்க பல்லு சத்தம் மாறுது. ஸ போய் ஷ: பிஸாத், பிஷூ. ஃஸ போய் ஃஷ: ஸ்கஃஸாத் (சொல்), ஸ்கஃஷூ. பத்து-த போய் ச: ப்லத்தீத் (காசு கட்டு), ப்லச்சூ. பந்து-த போய் ஃஷ: ஹதீத் (நட), ஹஃஷூ. ஸ்த், ஸ்க் ரெண்டும் போய் நீளமான ஷ்ஷ: சீஸ்தித் (சுத்தம் பண்ணு), சீஷ்ஷு.

இங்க குற்றவாளி இ, எ இல்ல, "ய்". பழைய காலத்துல அந்த இடத்துல ஒரு ய் இருந்துச்சு, முன்னாடி இருந்த மெய்யோட மோதி ரெண்டும் கலந்து புது சத்தம் ஆயிடுச்சு, ய் காணாம போச்சு. இங்கிலீஷ்ல "காட் யூ"ன்னு வேகமா சொன்னா "காச்சு"ன்னு வருதே, அதே வேலைதான்.

7. சில வெர்ப்ல நான்-க்கு மட்டும் மாறுது, சிலதுல எல்லாத்துக்கும் மாறுது, சிலதுல நான்-க்கு மட்டும் மாறல! பைத்தியம் பிடிக்குது அக்கா.

பிடிக்க வேண்டாம், மூணே தினுசுதான், மூணுக்கும் காரணம் 5லயும் 6லயும் சொல்லியாச்சு.

முதல் தினுசு, ஹதீத் மாதிரி "ஈத்"ல முடியறது. யா ஹஃஷூ (நான் நடக்கறேன்), ஆனா தீ ஹோதிஷ் (நீ நடக்கற), ஓன் ஹோதித் (அவன் நடக்கறான்). பழைய ய் இங்க "நான்" விகுதிக்கு முன்னாடி மட்டும்தான் இருந்துச்சு, மத்ததுல வெறும் இ. அதனால மாற்றம் நானோட நின்னுடும். வீதித் (பாக்கறான்), வீஃஷு (பாக்கறேன்) கூட இதே கட்சி.

ரெண்டாவது தினுசு, பிஸாத், ஸ்கஃஸாத் மாதிரி "ஆத்"ல முடியற ஒரு கூட்டம். பிஷூ, பீஷிஷ், பீஷித், பீஷுத்னு ஆறுலயும் மாறும், ஏன்னா ய் ஆறுலயும் இருந்துச்சு. "ஆத்" முடிவு எல்லாமே இப்படி இல்ல, படி-ங்கற சித்தாத் மாறவே மாறாது, சித்தாயு, சித்தாயிஷ்னு போகும். அதனால முடிவைப் பாத்து ஏமாறாதீங்க.

மூணாவது தினுசுதான் எல்லாரையும் கவுக்கறது. "முடியும்"ங்கற வெர்ப்: யா மகூ, தீ மோஃஷிஷ், ஓன் மோஃஷித், மீ மோஃஷிம், வீ மோஃஷித்யே, அனீ மோகுத். நானும் அவங்களும் தப்பிச்சாங்க, நடுவுல நாலு பேரு மாட்டினாங்க. வேர் க-ல முடியுது, நடுவுல இருக்கற நாலுக்கும் விகுதி எ-ல ஆரம்பிச்சது, 5வது கேள்வி விதிப்படி க மாறிடுச்சு. நான், அவங்க ரெண்டுக்கும் விகுதி பின்-உயிர், நாக்கு நகர வேண்டிய அவசியமே இல்ல. ரொட்டி சுடறதும் அப்படித்தான், பிக்கூ, பிச்சோஷ், பிக்கூத்.

புது வெர்ப் ஒண்ணு வந்தா மூணு உருவம் எழுதி வைங்க, அகராதி உருவம், நான், நீ. அது போதும், எந்த தினுசுன்னு தெரிஞ்சுடும். அகராதி உருவம் மட்டும் எழுதி வெச்சா பிரயோஜனம் இல்ல.

8. "யா ல்யுப்ல்யூ"-ல நடுவுல ஒரு ல் வருதே, அது எங்கருந்து குதிச்சது?

ல்யுபீத் = நேசி. நான் நேசிக்கறேன்-னா ல்யுப்ல்யூ, நீ நேசிக்கற-ன்னா ல்யூபிஷ், ல் போயிடுச்சு. 7வதுல முதல் தினுசு பாத்தீங்களே, அதேதான், ய் "நான்"ல மட்டும் இருக்கு. ஆனா இங்க ய்-க்கு முன்னாடி இருக்கறது உதட்டு சத்தம். ப, வ, ம எல்லாம் உதட்டுல பிறக்கறது, நாக்குக்கு அங்க வேலையே இல்ல, ச ஷ எல்லாம் ஆக முடியாது. அதனால அந்த ய் தானே ஒரு மெல்லிய ல் ஆகி ஒட்டிக்கிச்சு. குப்பீத் (வாங்கு), குப்ல்யூ. லவீத் (பிடி), லவ்ல்யூ. கர்மீத் (சாப்பாடு ஊட்டு), கர்ம்ல்யூ. விதிவிலக்கு தேடி நேரம் வீணாக்காதீங்க, ரொம்ப ஒழுங்கான பயபுள்ளைங்க இதுங்க.

9. தூக்கம் ஸோன், "தூக்கத்தோட"-ன்னா ஸ்னா. நடுவுல இருந்த ஓ எங்க போச்சு?

இதுக்கு பேரே "ஓடிப்போற உயிர்". நாள் த்யேன், நாளோட த்ன்யா. அப்பா அத்யேத்ஸ், அப்பாவோட அத்ஸா. வாய் ரோத், வாயோட ர்தா. எதிர்ப்பக்கமும் வரும், ஜன்னல் அக்னோ, "நிறைய ஜன்னல்"னு சொல்றப்போ ஓகன், க-வுக்கும் ன-வுக்கும் நடுவுல புதுசா ஒண்ணு முளைக்குது.

முளைக்கல, ஒளிஞ்சிருந்தது. பழைய ரஷ்யன்ல ரெண்டு குட்டி உயிர் இருந்துச்சு, நம்ம குற்றியலுகரத்தை விட குட்டி. ஸோன்-ங்கறது அப்போ ஸ்-குட்டி-ன்-குட்டின்னு ரெண்டு அசை. சுமாரா 12ஆம் நூற்றாண்டுல இந்தக் குட்டிங்க எல்லாம் விழுந்துச்சு, ஆனா கன்னாபின்னான்னு விழல. வார்த்தை கடைசிலேர்ந்து எண்ணு, முதல் குட்டி காலி, அதுக்கு முன்னாடி ரெண்டாவது குட்டி இருந்தா அது முழு உயிர் ஆகும். அதனால ஸ்-குட்டி-ன்-குட்டில கடைசி போய் முதல் குட்டி ஓ ஆச்சு, ஸோன். ஆனா ஸ்-குட்டி-னா-ல பின்னாடி முழு ஆ இருக்கு, அப்போ குட்டிதான் கடைசி குட்டி, அது காலி, ஸ்னா. செக் நாட்டு அறிஞர் அன்டோனின் ஹாவ்லிக் இந்த ஒழுங்கை எழுதி வெச்சார், அவர் பேர்லயே விதி இருக்கு.

வார்த்தை கடைசில விழுந்த ரெண்டு குட்டில ஒண்ணோட எழுத்து மட்டும் 1918 எழுத்துச் சீர்திருத்தம் வரைக்கும் சத்தமே இல்லாம, வல்லின மாதிரி அழுத்தமான மெய்ல முடியற வார்த்தை வாலுல எல்லாம் தொங்கிட்டு இருந்துச்சு. கொமெர்ஸான்த் பேப்பர் இன்னிக்கும் பேருக்குப் பின்னாடி அந்த எழுத்தை ஸ்டைலுக்கு வெச்சிருக்கு.

10. சரி, மூக்கு நோஸ். மூக்கோட ன்ஸா-ன்னு வரணும்ல? நோஸா-ன்னு வருது!

நல்ல கேள்வி, அதே எழுத்துங்க திருப்பிப் போட்டது வேற. நோஸ்ல இருக்கற ஓ பிறவியிலேயே முழு ஓ, ஸோன்ல இருக்கறது குட்டியா இருந்து பெரியாளானது. இன்னிக்கு ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது, ஒரே மாதிரி எழுதறோம், ஆனா பூர்வீகம் வேற. பாத்து கண்டுபிடிக்க வழி இல்ல, "ஓட" உருவத்தையும் சேத்து படிக்கணும்.

பின்னாடி மக்களே பழக்கத்துல குட்டி இல்லாத எடத்துலயும் இந்த வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அக்கா தங்கச்சி ஸிஸ்த்ரா, "நிறைய அக்கா தங்கச்சி" ஸிஸ்த்யோர். அங்க பழைய குட்டி எதுவும் கிடையாது, மூணு மெய் வரிசையா வந்து வாயில நுழையல, ஓகன் மாதிரி நடுவுல ஒண்ணை சொருகிட்டாங்க.

11. ரூச்கா-ல ச-வுக்கு அப்புறம் க தானே இருக்கு? நாக்கை முன்னாடி இழுக்கற இ, எ எங்க?

5வது பதிலைப் படிச்சுட்டு இதைக் கேட்டா நீங்க ஒழுங்கா படிக்கறீங்கன்னு அர்த்தம். அங்க ச-வுக்கும் க-வுக்கும் நடுவுல 9வதுல சொன்ன குட்டி ஒண்ணு இருந்துச்சு, இ ஜாதிக் குட்டி. அது க-வை ச ஆக்கிட்டு செத்துப் போச்சு. சாட்சி வேணுமா, "நிறைய பேனா" சொல்லிப் பாருங்க, ரூச்சிக். செத்தது எந்திரிச்சு வருது. க்னீஷ்கா-வை இன்னும் குட்டியாக்கினா க்னீஷிச்கா (எழுத்துல ஃஷ), இங்க வேர்லயும் க மாறிடுச்சு, சேத்த ஒட்டுல இருந்த க-வும் ச ஆயிடுச்சு, செத்த குட்டியும் எந்திரிச்சுடுச்சு, மூணும் ஒரே வார்த்தைல.

க்னீஷ்கா-ல எழுத்து ஃஷ, வாய் ஷ ஏன்னு கேக்கறவங்களுக்கு: ரெண்டு வகையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. க போய் ஃஷ ஆனது பழைய வகை, எழுத்துல வந்துச்சு. அந்த ஃஷ பக்கம்-க முன்னாடி அதிர்வு இழந்தது 4வது கேள்வி வகை, எழுத்துல வரல. கால் நகா, குட்டிக் கால் நோஷ்கா-ன்னு பாத்தாலும் இதே கதைதான், அங்க கூடவே 2வது கேள்வி ஓ-ஆவும் சேந்துக்கும்.

12. நோவ்கொரோத், ஆனா வோல்கோகிராத். ஊருன்னா கொரோதா, கிராதா?

ரெண்டும்தான், ரெண்டும் ஒரே வார்த்தை. கோரத் ரஷ்யன் வீட்டுப் பிள்ளை. கிராத் தெற்கு ஸ்லாவிக், சர்ச் வழியா வந்த விருந்தாளி. 988ல கீவ் மக்கள் ஞானஸ்நானம் எடுத்தப்போ ஜெபப் புத்தகம் எல்லாம் சர்ச் ஸ்லவோனிக்ல வந்துச்சு, அங்க "ரா, லா, லே"ன்னு வர்றது ரஷ்யன்ல "ஓரோ, ஓலோ"ன்னு விரிஞ்சு வரும். அதனால வீட்ல இருக்கறது பழகின வார்த்தை, விருந்தாளி கம்பீரமான வார்த்தை. தலை கலவா, ஆனா தலைவர், புத்தக அத்தியாயம் எல்லாம் க்லவா. பால் மலக்கோ, பால்வீதி மட்டும் ம்லேச்னி பூத். குரல் கோலஸ், அதோட விருந்தாளி வடிவம் க்லாஸ், கோர்பச்சோவ் காலத்து க்லாஸ்னஸ்த் (வெளிப்படைத்தன்மை) அதுலேர்ந்து வந்தது. ஊருக்குப் பேர் வைக்கறப்போ கம்பீரம் வேணும்ல, அதான் 1924ல லெனின்கிராத், 1925ல ஸ்டாலின்கிராத், அதுவே 1961ல வோல்கோகிராத்.

மெய்யெழுத்துலயும் இந்த ரெட்டை வாழ்க்கை உண்டு. 6வதுல பந்து-த போய் ஃஷ ஆகும்னேன், அது வீட்டு வழக்கம், சர்ச் வழக்கம் ஃஷ்த். நகரவாசி கரஃஷானின், குடிமகன் கிரஃஷ்தனீன், ரெண்டும் ஊருங்கற ஒரே வேர், ஒண்ணு முழுக்க வீட்டு வேஷம், இன்னொண்ணு முழுக்க சர்ச் வேஷம். பத்து-த-வுக்கும் அப்படியே, வீட்ல ச, சர்ச்சுல ஷ்ஷ. சூடான டீ கர்யாச்சி, எரியற வீடு கர்யாஷ்ஷி. ரெண்டையும் மாத்தி சொன்னா கேண்டீன் அக்கா சிரிப்பாங்க. எனக்கு ரஷ்யன்ல ரொம்பப் பிடிச்ச ஜோடி இதான்.

13. வேருக்குள்ளயே உயிர் மாறுதே? ப்ராத், பிரூ, வீபர்... எது வேர்?

எல்லாமே. ப்ராத் (எடு), பிரூ (எடுக்கறேன்), ஸபிராத் (சேகரி), வீபர் (தேர்வு). நிலையா இருக்கறது ப், ர் ரெண்டும்தான், நடுவுல ஒண்ணும் இல்லாம, எ, இ, ஓன்னு மாறுது. இது ஸ்லாவிக் காலத்தை விட பழசு, இந்தோ ஐரோப்பிய சொத்து, இங்கிலீஷ்ல சிங், சாங், சங்னு வர்றதும் அந்த சொத்துல பங்குதான்.

தினமும் உதவற ஒரு ஒழுங்கு மட்டும் சொல்றேன். ஒரு தடவை பண்றதை "திரும்பத் திரும்ப பண்றது" ஆக்க நடுவுல "இவா" சேப்பாங்க, அப்போ வேர்ல இருக்கற ஓ பெரும்பாலும் ஆ ஆகும், எழுத்துலயும். அபஃஸ்தாத் (லேட்டா வா), அபாஃஸ்திவத். ஸ்ப்ரஸீத் (கேளு), ஸ்ப்ராஷிவத், இதுல 6வது கேள்வி ஸ-ஷவும் கூடவே வந்துடுச்சு பாருங்க.

14. "போறேன்" இதூ, "போனான்" ஷோல். இதுவும் சத்தம் மாறுறதுதானா?

இல்ல. இதுக்கு விதி தேடாதீங்க, ரெண்டு வேற வேர் ஒரே வெர்ப்ல குடித்தனம் பண்ணுது. மனுஷன் சிலவேக், மனுஷங்க ல்யூதி. குழந்தை ரிப்யோனக், குழந்தைங்க த்யேத்தி. நல்ல ஹரோஷி, இன்னும் நல்ல லூச்ஷி. சத்தத்தால ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு போகவே முடியாது, அப்படியே படிச்சுக்க வேண்டியதுதான். அடிக்கடி பேசற வார்த்தைங்கதான் இப்படி இருக்கும், அதனால எப்படியும் வாயில வந்துடும்.

15. இதெல்லாம் பழைய வார்த்தைக்குத்தானே? புதுசா வர்ற வார்த்தைக்கு மாறாதுல்ல?

பாதி சரி. ப்ராஹா நகரம் ரஷ்யன்ல ப்ராகா, "ப்ராகாவோட" ப்ராஷ்ஸ்கி (எழுத்துல ஃஷ). வோல்கா வோல்ஷ்ஸ்கி. ஆனா நியூயார்க் மாறாது, நியூயோர்க்ஸ்கிதான். ப்லாக் எழுதறவர் ப்லோகிர், மாறல. அதே ப்லாகை செல்லமா சொன்னா ப்லோஃஷிக். ஃபேஸ்புக் சம்பந்தப்பட்டது பேச்சுல ஃபேஸ்பூச்னி. சத்தத்தால இல்ல, எந்த ஒட்டு வருதுங்கறதாலதான் இப்போ மாற்றம் நடக்குது. செல்லமாக்கற ஒட்டு வந்தா நேத்து பிறந்த வார்த்தை கூட மாறும், வெளிநாட்டுலேர்ந்து வந்த ஒட்டு வந்தா மாறாது.

16. "நான் ஜெயிப்பேன்"னு ரஷ்யன்ல சொல்லவே முடியாதாமே, உண்மையா இல்ல ஜோக்கா?

உண்மை. பபிதீத் = ஜெயி. நீ ஜெயிப்ப, அவன் ஜெயிப்பான் எல்லாம் இருக்கு, "நான்" மட்டும் இலக்கணத்துல காலி இடம். 6வது விதிப்படி பந்து-த ஃஷ ஆகி "பபிஃஷூ"ன்னு வரணும், ஆனா அது ஓடறதுக்கு உண்டான வெர்ப் மாதிரி காதுல விழுது. சர்ச் வழக்கப்படி ஃஷ்த் போட்டாலும் ஒட்டல. ரெண்டு பக்கமும் இழுத்து எதுவுமே நிலைக்கலைன்னு பொதுவா சொல்வாங்க. அதனால "என்னால ஜெயிக்க முடியும்"னு ஸ்மகூ பபிதீத், இல்லன்னா "வெற்றி அடைவேன்"னு அதிர்ஃஷூ பப்யேதூ. வேக்யூம் க்ளீனர் போடறதுக்கு உண்டான பிலிஸோஸித் கேளுங்க, "நான்" உருவம் சொல்லச் சொன்னா ரஷ்யக்காரங்களே முழிப்பாங்க.

17. இதை எல்லாம் உக்காந்து யாரு ஆராய்ச்சி பண்ணா?

பெரிய பங்கு கஸான் நகரத்துக்கு. போலிஷ்காரர் யான் போதுவேன் தெ கூர்தனே 1875லேர்ந்து 1883 வரைக்கும் அங்க யுனிவர்சிட்டில இருந்தார், அவரும் அவர் மாணவர் க்ருஷெவ்ஸ்கியும்தான் 2வது கேள்வில போட்ட கோட்டை, தானா நடக்கற மாற்றம் ஒருபக்கம், உறைஞ்சுபோன மாற்றம் ஒருபக்கம்னு, ஒழுங்கா பிரிச்சவங்க. 1948ல ரோமன் யாகப்ஸன் ஒவ்வொரு ரஷ்யன் வெர்புக்கும் ஒரே ஒரு அடி உருவம் குடுத்தா மத்த எல்லாத்தையும் விதி வெச்சே கறந்துடலாம்னு காட்டினார், 7வது பதில் அந்த யோசனையோட குட்டித் தம்பி. 1977ல அந்த்ரேய் ஃஸலிஃஸ்ன்யாக் சுமார் 1 லட்சம் வார்த்தைக்கு ஒவ்வொண்ணும் எப்படி உருவம் மாறும், அழுத்தம் எங்க போகும்னு குறியீடு போட்டு அகராதி வெளியிட்டார். ரஷ்யன்ல வார்த்தை தேடற சாஃப்ட்வேர் பலதுக்கும் அடித்தளம் அதுதான்.

18. கடைசியா ஒண்ணு. க பின்னாடி எ வந்தா ச ஆகும்னீங்க. "கையில" சொல்றப்போ ருக்யே-ன்னு வருதே, க அப்படியே இருக்கே?

இதை நிறைய பேர் கேக்கறதில்ல, கேக்கறவங்க விடறதில்ல. அந்த எ வேற எ, பிற்காலத்துல பிறந்தது. அது வந்தப்போ ஸ்லாவிக்ல ரெண்டாவது அலை ஒண்ணு அடிச்சுது, அதுல பக்கம்-க போய் த்ஸ ஆச்சு, தங்கம்-க போய் ஃஸ ஆச்சு. பழைய ரஷ்யன் நூல்கள்ல "கையில" ருத்ஸே-ன்னுதான் இருக்கும். உக்ரைன் மொழில இன்னிக்கும் ருத்ஸி, காலுக்கு நோஃஸி. ஆனா ரஷ்யன், ருக்கா, ருக்கு எல்லாத்துலயும் க இருக்கு, இதுல மட்டும் எதுக்கு வம்புன்னு திரும்ப க-வே போட்டு சமன் பண்ணிடுச்சு. தப்பிச்ச மிச்சம் நண்பன்: த்ரூக், நட்பு த்ரூஃஷ்பா (முதல் அலை), நண்பர்கள் த்ருஃஸ்யா (ரெண்டாவது அலை).

இதுல சுவாரஸ்யம் நோவ்கொரோத். 1951 ஜூலை 26 அன்னிக்கு அங்க தோண்டினப்போ பிர்ச் மரப்பட்டைல கீறி எழுதின கடிதம் கிடைச்சது, அதுக்கப்புறம் ஆயிரத்துக்கு மேல கிடைச்சாச்சு, கடன், கல்யாணம், சண்டை, சின்னப் பையனோட எழுத்துப் பயிற்சின்னு. 247ஆம் நம்பர் கடிதத்துல பூட்டு "க்யேலே", கதவு "க்யேலே"ன்னு வருது. ஃஸலிஃஸ்ன்யாக் அதை "உடையாம இருக்கு"ன்னு படிச்சார், இன்னிக்கு ரஷ்யன்ல த்ஸேலி. அதாவது அந்த ரெண்டாவது அலை பழைய நோவ்கொரோத் பேச்சை தொடவே இல்ல, மத்த ஸ்லாவிக் பூமி முழுக்க க மாறினப்போ அந்த ஊர்க்காரங்க க-வை அப்படியே வெச்சிருந்தாங்க. இப்போ ரஷ்யன் ருக்யே-ன்னு சொல்றதுல அவங்க பங்கும் இருக்கலாம்னு சிலர் நினைக்கறாங்க, நானும் அந்தக் கட்சிதான்.